முன் கதவுக்கு ஐந்தேகாலா, ஆறரையா, எட்டா?

கார் ஸ்பீக்கரை மாற்ற வேண்டும் என்று கடையில் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை இன்ச் போடணும் சார்?" என்பதுதான். கம்பெனியில் கொடுத்தது ஐந்தேகால் அங்குலமாக இருந்தால் ஆறரைக்குப் போகச் சொல்வார்கள். ஆறரையாக இருந்தால் எட்டை எடுத்துக் காட்டுவார்கள். அங்குலம் கூடினால் ஓசை கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் கார்க் கதவு ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்ட பெட்டி அன்று; கண்ணாடி ஏறி இறங்கவும், மழைநீர் வடிந்து போகவும், பக்கவாட்டில் வேறொரு வண்டி மோதினால் தாங்கவும் செய்யப்பட்ட இடம் அது. அந்த வேலைகளுக்கு நடுவே மிஞ்சிய சந்தில்தான் ஸ்பீக்கர் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. ஆகவே எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன், அந்தச் சந்தில் எது ஒழுங்காக உட்காரும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

என் காரின் முன் கதவுகளுக்கு இந்த முடிவை நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். முதல் முறை கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அரை மணி நேரத்தில் எடுத்தேன். அடுத்த மழைக்காலத்திலேயே அதன் பலனை அனுபவித்தேன். இரண்டாம் முறை, கதவைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு வழிகளை எடை போட்டேன்: அதே 5.25 அங்குலத்தில் நல்ல ஸ்பீக்கராக வாங்குவது, ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே ரிங் என்னும் வளையம் வைத்து 6.5 அங்குலத்துக்குப் போவது, 6×9 ஓவலையோ 8 அங்குலத்தையோ கதவுக்குள் கொண்டுவருவது, கதவைப் பெரிதாக்காமல் சீட்டுக்கு அடியில் தாழ்ந்த ஒலிக்கென்றே தனி வூஃபர் வைப்பது. கார் ஒரு சிறிய ஹேட்ச்பேக். கம்பெனி ஸ்டீரியோவை மாற்றும் எண்ணம் இல்லை. கேட்பது பெரும்பாலும் பழைய திரைப்பாடல்களும் கச்சேரிகளும். பின்னால் நிற்கும் வண்டியின் கண்ணாடியும் அதிர வேண்டும் என்று ஆசைப்படுபவரின் கணக்கு வேறு. அவருக்கு இந்தக் கட்டுரையின் பாதிதான் பயன்படும்.

அங்குலம் கூடினால் கிடைப்பதும் இழப்பதும்

பெரிய ஸ்பீக்கர் எவ்வளவு பெரியது என்பதை விட்டத்தில் பார்க்கக் கூடாது; பரப்பளவில் பார்க்க வேண்டும். பெயரளவு விட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் 5.25 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 22 சதுர அங்குலம், 6.5 அங்குலத்துக்கு 33. 6×9 ஓவலுக்கு 42. 8 அங்குலத்துக்கு 50. சட்டமும் ரப்பர் விளிம்பும் போக, உண்மையில் காற்றைத் தள்ளும் கூம்பு இதைவிடச் சிறியது என்றாலும் விகிதம் ஏறக்குறைய இதுதான். ஐந்தேகாலிலிருந்து ஆறரைக்கு ஏறினால் பரப்பு ஒன்றரை மடங்காகிறது. கூம்பு அதே தூரம் முன்பின் அசைந்தால் தாழ்ந்த ஒலிகளில் மூன்றரை டெசிபெல் அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆறரையிலிருந்து எட்டுக்கு ஏறினாலும் மறுபடி அதே ஒன்றரை மடங்குதான். பக்கத்தில் வைத்துக் கேட்டால் யாருக்கும் புலப்படும் வித்தியாசம் இது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 100 ஹெர்ட்ஸில் ஓர் அளவு ஓசையை எழுப்பக் கூம்பு 1 மி.மீ. அசைகிறது என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அதே ஓசைக்கு அது 4 மி.மீ. அசைந்தாக வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் உழைப்பு நான்கு மடங்கு. சிறிய ஸ்பீக்கருக்கு அவ்வளவு தூரம் அசைய இடமில்லை. அசையச் சொல்லி ஒலியைக் கூட்டினால் அது மூச்சு வாங்குகிறது. கம்பெனி ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் வலந்தலை துல்லியமாகக் கேட்க, தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கத் தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். பெரிய கூம்புக்காக நாம் ஏங்குவதில் நியாயம் இருக்கிறது.

அதற்குக் கொடுக்கும் விலையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்தைவிடக் குறையத் தொடங்கும்போது, அந்த ஒலி நாற்புறமும் பரவாமல் டார்ச் வெளிச்சம்போல் நேரே பாயத் தொடங்குகிறது. ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்பு சுமார் 13 செ.மீ. விட்டமுள்ளது; அதற்கு இந்த மாற்றம் 2,600 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர்கிறது. எட்டு அங்குலத்தில் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியே நேர்ந்துவிடுகிறது. கதவு ஸ்பீக்கரோ நம் காதைப் பார்ப்பதில்லை, முழங்காலைப் பார்க்கிறது. பாடகரின் குரலில் சொல்லும் எழுத்தும் தெளிவாக விளங்குகிற பகுதி இந்த 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், எட்டு அங்குலம் போட்ட பல கார்களில் அடி பிரமாதமாகவும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவும் இருக்கும். உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான சாதாரண ட்வீட்டரால் அவ்வளவு கீழே இறங்கிவந்து இடைவெளியை நிரப்ப முடியாது. நடு ஒலிகளுக்கென்று தனியாக ஒரு மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் வைக்க வேண்டும். எட்டு அங்குலம் வாங்குகிறவர் தெரியாமலே மூன்று ஸ்பீக்கரும் ஒலியைப் பெருக்கும் ஓர் ஆம்பும் வாங்கும் பாதையில் காலை வைக்கிறார்.

பவர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்டீரியோவின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பெரிய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் ஏராளம். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது 14.4 வோல்ட் அளவுதான். தனி ஆம்ப் இல்லாத ஸ்டீரியோ அதை வைத்து ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் தரக்கூடிய உச்சம், கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 15 முதல் 20 வாட் வந்தால் பெரிது. கம்பெனி ஸ்பீக்கரின் கூம்பு மெல்லிய காகிதம், காந்தமும் சிறியது. ஆனாலும் எடை குறைவு என்பதால் இந்தச் சிறு பவருக்கே வாய் திறந்துவிடுகிறது. கனமான கூம்பும் தடித்த ரப்பர் விளிம்பும் கொண்ட விலையுயர்ந்த ஸ்பீக்கரை அதே ஸ்டீரியோவில் கொடுத்துவிட்டு, இவ்வளவு காசு போட்டும் சத்தம் குறைந்துவிட்டதே என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைச் சொல்லும் சென்சிடிவிட்டி 3 டெசிபெல் குறைந்த ஸ்பீக்கர், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் கேட்கும். ஆகவே ஆம்ப் வைக்காதவர் பெட்டியில் 'மேக்ஸ் 300 வாட்' என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சென்சிடிவிட்டி 90 டெசிபெலை ஒட்டி இருக்கிறதா என்ற பொடி எழுத்தைத் தேடிப் படிப்பது நல்லது.

கூடவே கதவுக்குள் ஓடும் ஒயரையும் மாற்றச் சொல்வார்கள். கம்பெனி ஒயர் 0.5 சதுர மி.மீ. கனமே இருந்தாலும், போக வர 8 மீட்டர் செம்பின் தடை 0.28 ஓம்தான், அதனால் குறைவது அரை டெசிபெல் சொச்சம். இந்தப் பவருக்கு அந்த ஒயரே போதும்.

சப்பாத்தி மாவும் 18 மில்லிமீட்டரும்

கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றியதும் எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று: தகட்டில் உள்ள துளையின் விட்டம், தகட்டிலிருந்து பின்னால் கண்ணாடி வரை உள்ள ஆழம், தகட்டிலிருந்து முன்னால் டோர் பேடின் கிரில் வரை உள்ள இடம். முதல் அளவை எல்லோரும் எடுக்கிறார்கள், இரண்டாவதைச் சிலர் எடுக்கிறார்கள், மூன்றாவதை அநேகமாக யாரும் எடுப்பதில்லை.

ஆழத்தைக் கண்ணாடி முழுக்க இறங்கிய நிலையில்தான் அளக்க வேண்டும். கண்ணாடி மேலே இருக்கும்போது உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தாராளமாக இடம் இருக்கிறது என்று நினைப்பவர்கள், ஸ்பீக்கரைப் பொருத்தி டோர் பேடையும் மாட்டிய பிறகு கண்ணாடியை இறக்கும்போது 'டக்' என்ற சத்தத்தைக் கேட்பார்கள். நான் சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் அளவு சப்பாத்தி மாவை எடுத்துவந்து, பழைய ஸ்பீக்கரின் காந்தத்தின் முதுகில் ஒட்டி, கண்ணாடியில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு பாலித்தீன் தாளைச் சுற்றி, ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். வெளியே எடுத்தபோது மாவு ஒரு பக்கம் தட்டையாகி இருந்தது. ஸ்பீக்கரின் ஆழத்தோடு மாவின் கனத்தையும் சேர்த்தபோது 52 மி.மீ. வந்தது. முன்பக்கம் தகட்டுக்கும் கிரில்லின் உட்புறத்துக்கும் இடையே 30 மி.மீ.

இந்த இரண்டு எண்கள் கையில் வந்தவுடன் பாதி முடிவு தானாக விழுந்துவிட்டது. வாங்க நினைத்த ஆறரை அங்குல ஸ்பீக்கரின் ஆழம் 62 மி.மீ. நேரடியாகத் தகட்டில் திருகினால் 10 மி.மீ. கண்ணாடிக்குள் போய்விடும். நடுவில் 18 மி.மீ. கனமுள்ள ரிங் வைத்தால் காந்தம் 44 மி.மீ.-இல் நிற்கும், கண்ணாடிக்கு 8 மி.மீ. இடைவெளி மிஞ்சும். ஆனால் ரிங் ஸ்பீக்கரை முன்னாலும் தள்ளுகிறது. ஸ்பீக்கரின் நடுவில் நிற்கும் ட்வீட்டர் 8 மி.மீ. துருத்திக்கொண்டிருப்பதால் 18-உம் 8-உம் சேர்ந்து 26 ஆகி, கிரில்லுக்கு 4 மி.மீ. மட்டும் மிஞ்சுகிறது. பின்னாலும் நெருக்கடி, முன்னாலும் நெருக்கடி. ரிங் 12 மி.மீ. ஆக இருந்தால் கண்ணாடி பயம், 25 மி.மீ. ஆக இருந்தால் டோர் பேட் மூடாது. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பிராண்டைவிட அதன் ஆழத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் எனக்கு உறைத்தது.

நான்கு வழிகளையும் பக்கத்தில் வைத்தால்

அதே 5.25 அங்குலத்தில் நல்லது வாங்குவது மிகவும் சிக்கலில்லாத வழி. பழைய திருகு துளைகளே உதவும், ஒயரை இணைக்கும் கம்பெனி கப்ளரில் பொருந்தும் ஒயர் கிடைத்தால் ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை, காரை விற்கும்போது பழையதை மாட்டிக் கொடுத்துவிடலாம். உயர்ந்த சுரங்களும் குரலும் தெளிவாகும். தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியாகவே இருக்கும். வாரண்டி முடியாத கார், அலுவலகம் கொடுத்த கார், இரண்டு வருடத்தில் மாற்றப்போகும் கார் ஆகியவற்றுக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

ரிங் வைத்து ஆறரைக்குப் போவதுதான் இந்த நான்கிலும் நியாயம் அதிகமுள்ள வழி என்பது என் கணிப்பு. பல கார்களில் கம்பெனியே உயர்ந்த வேரியன்ட்டுக்கு ஆறரையைக் கொடுத்துவிட்டு, குறைந்த வேரியன்ட்டில் அதே கதவில் சிறியதை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் உட்காரவைத்து அனுப்புகிறது. ஸ்பீக்கரைக் கழற்றாமலே இதற்கு ஓர் அடையாளம் உண்டு: டோர் பேடில் உள்ள கிரில்லின் வட்டம் உள்ளிருக்கும் ஸ்பீக்கரைவிடப் பெரிதாக இருந்தால், கதவு ஆறரைக்குத் தயாராகவே இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். என் காரில் அப்படித்தான் இருந்தது. பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றியதும் தகட்டில் போதுமான துளை இருந்தது, தகட்டை வெட்டவே இல்லை. ஃபோக்ஸ்வாகன் போன்ற சில கார்களில் ஸ்பீக்கர் திருகில் நிற்காமல் ரிவெட்டில் நிற்கும்; அதைத் துளையிட்டு எடுக்கும்போது விழும் இரும்புத் தூளைக் காந்தம் வைத்துப் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கதவின் அடியில் கிடந்து துருவாகும், அல்லது புது ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் ஒட்டும்.

நான் முதல் முறை கெட்டதும் இதே வழியில்தான். அன்று கடையில் போட்டது, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய ரிங். வார்னிஷ் இல்லை, பெயின்ட் இல்லை. பழுப்பு நிறத்தில் அப்படியே திருகினார்கள். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பாலித்தீன் தாளை ஸ்பீக்கருக்காகக் கிழித்தவர்கள், அதைத் திரும்ப ஒட்டவில்லை. அந்தத் தாள் எதற்கு என்று எனக்கும் அப்போது தெரியாது. மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் நீர் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கண்ணாடியை ஒட்டி ஓடி, கதவின் அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியே போகும்படிதான் கதவை வடிவமைத்திருக்கிறார்கள். வழியில் தெறிக்கும் நீரை மறுபடி கதவுக்குள்ளேயே திருப்பிவிடுவது அந்தத் தாளின் வேலை. தாள் கிழிந்தால் நீர் டோர் பேடின் பின்புறம் இறங்கி, காலடியில் விரித்திருக்கும் ஃப்ளோர் மேட்டுக்கு வந்து சேரும்.

ஐப்பசி அடைமழையில் ஓட்டுநர் பக்கத்து மேட் ஈரமாகவே இருந்தது. ஏ.சி. தண்ணீர் என்று நினைத்து ஏ.சி. மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கார்த்திகையில் ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்த பிறகுதான் டோர் பேடைக் கழற்றினேன்: ரிங், டீயில் முக்கிய ரஸ்க்கைப்போல் உப்பி, விரலால் தொட்ட இடம் உதிர்ந்தது, நான்கு திருகுகளில் இரண்டு எதையும் பிடித்துக்கொள்ளாமல் சும்மா சுழன்றன. டோர் பேடின் கிளிப்புகளில் இரண்டு உடைந்தும் ஒன்று காணாமலும் இருந்தன. கடைக்காரரைக் குறை சொல்வதா, கதவுக்குள் மழை பெய்யும் என்று தெரியாத என்னைக் குறை சொல்வதா என்று இன்றும் எனக்கு முழுத் தெளிவில்லை.

ஆகவே ஆறரை என்று முடிவெடுப்பவர் ஸ்பீக்கருக்குச் சமமாக ரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். தண்ணீரைக் குடிக்காத பொருளாக அது இருக்க வேண்டும்: வார்ப்புப் பிளாஸ்டிக் ரிங்குகள் மாடல்வாரியாக வருகின்றன, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் காரின் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால், சமையலறை அலமாரி செய்யும் தச்சர்கள் மல்டிவுட் என்று சொல்லும் பி.வி.சி. பலகையில் 18 மி.மீ. கனத்தில் வெட்டிக்கொள்ளலாம், நான் செய்தது அதுதான். எம்.டி.எஃப். தவிர வேறு வழியில்லை என்றால், திருகு துளைகளின் உட்புறம் உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று பூச்சு வார்னிஷ் வேண்டும்.

ரிங்கோடு சேர்ந்தது சீல். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் தாழ்ந்த ஒலி கழிந்துபோகிறது. ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் சந்து இருந்தாலே ஆறரை அங்குலத்தில் பெற்ற லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கசிந்துவிடும். எனவே ரிங்கின் இரு பக்கமும் நுரைப் பட்டை, ஸ்பீக்கரின் முகத்துக்கும் கிரில்லுக்கும் நடுவே இன்னொரு நுரை வளையம், உட்தகட்டில் கையை நுழைக்கும் அளவுக்கு இருக்கும் பெரிய ஓட்டைகளின் மேல் டேம்பிங் ஷீட் என்று மூடிக்கொண்டு வர வேண்டும். இந்த ஷீட், அலுமினியத் தாளின் பின்னால் 2 மி.மீ. கனத்தில் பியூட்டைல் ரப்பர் பூசியது; வெளித்தகட்டின் உட்புறத்தில் பாதிப் பரப்புக்கு ஒட்டினாலே தகடு முரசுபோல் அதிர்வது நின்றுவிடும். மொட்டை மாடி ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப் பட்டையை மலிவு என்று கதவுக்குள் ஒட்டுபவர்கள், சித்திரை வெயிலில் காரை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அதன் வாசனையை அறிவார்கள். எதை ஒட்டினாலும் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது.

மூன்றாம் வழியில், முதலில் ஓவல். நம் ஊரில் 6×9 ஓவல் என்றால் செடான் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே பார்சல் ட்ரேயில் ஜோடியாக உட்கார்ந்திருக்கும் உருவம்தான் நினைவுக்கு வரும். கதவில் அதற்கு இடமுள்ள கார்களும் உண்டு: டொயோட்டாவின் பல மாடல்களில் முன் கதவுத் துளையே 6×9 ஓவல், ஃபோர்டின் பல மாடல்களில் 6×8 ஓவல். அந்தக் கார்களை வைத்திருப்பவர் ஓவலை எடுத்துவிட்டு அடாப்டர் போட்டு வட்டமான ஆறரைக்கு மாறினால், 42 சதுர அங்குலத்தைக் கொடுத்துவிட்டு 33-ஐ வாங்குகிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆறரையில் தேர்ந்தெடுக்க நிறைய மாடல்கள் உண்டு என்பதைத் தவிர அதில் லாபமில்லை. மாறாக, வட்டத் துளையுள்ள கதவில் ஓவலை நுழைக்க முயன்றால் 9 அங்குல நீளம் கண்ணாடியை ஏற்றும் தண்டவாளத்திலோ டோர் பேடின் பாக்கெட்டிலோ போய் இடிக்கும். அதை நான் ஐந்து நிமிடத்தில் கைவிட்டேன்.

எட்டு அங்குலத்தை அவ்வளவு எளிதாகக் கைவிட முடியவில்லை. "அண்ணே, எட்டு போட்டுப் பாருங்க, அடி வேற மாதிரி இருக்கும்" என்று கடைப் பையன் சொன்னதில் உண்மை இருந்தது. அவர்கள் காட்டிய காரில் உட்கார்ந்து கேட்டபோது தொடையில் காற்று மோதுவதை உணர முடிந்தது. ஆனால் என் கதவில் முன்னும் பின்னும் சேர்த்து இருப்பதே 52-உம் 30-உம், ஆக 82 மி.மீ.; சாதாரண எட்டு அங்குல வூஃபருக்கு 80 மி.மீ. அளவுக்கு ஆழமே வேண்டும், அதன் விளிம்பும் அசைவும் தனி. டோர் பேடை வெட்டி, ஃபைபரில் ஒரு கூடு கட்டி வெளியே கொண்டுவந்தால்தான் அது உட்காரும். அதைச் சொன்னதும் அம்மா, "அப்புறம் தண்ணி பாட்டிலை எங்கடா வைக்கிறது?" என்று கேட்டார். வெட்டப்போவது சரியாக அந்த பாட்டில் வைக்கும் இடம்.

பாட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும். தகட்டை வெட்டுவதில் பெரிதாக யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில், மோதலை உணர்வதற்குக் கதவின் உள்ளே காற்றழுத்த சென்சார் வைத்திருக்கிறார்கள். வெளித்தகடு நசுங்கும்போது கதவுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் சட்டென்று ஏறுவதை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. அப்படிப்பட்ட கதவில் பெரிய ஓட்டை போட்டால் அந்த அழுத்தம் ஏறும் விதம் மாறக்கூடும். மஞ்சள் கப்ளர் எங்கே தென்பட்டாலும் அது ஏர்பேக்குக்கு உரியது. அந்தக் கதவில் ரம்பத்தை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சென்சார் இல்லாத பழைய காரில் தகட்டை வெட்டுபவரும், வெட்டிய விளிம்பை அராவி பிரைமர் அடிக்காமல் விட்டால் துருவுக்கு வாசல் திறந்துவிடுகிறார். சொந்தமாக ஆம்ப், மிட்ரேஞ்ச், ஃபைபர் வேலை எல்லாவற்றுக்கும் செலவழிக்கத் தயாராக, காரை விற்கும் எண்ணமும் இல்லாதவருக்கு மட்டுமே எட்டு அங்குலம் பொருந்தும்.

நான்காவது வழியான சீட்டுக்கு அடியில் வைக்கும் வூஃபரை, கதவுப் பேச்சில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கதவைப் பெரிதாக்குவதன் நோக்கமே அடித்தொனிதான் என்றால், அந்த நோக்கத்துக்குக் கதவை விட்டுவிடுவது ஒரு நேர்மையான மாற்று. தட்டையான அலுமினியப் பெட்டிக்குள் எட்டு அங்குல வூஃபரும் ஆம்பும் சேர்ந்தே வருகின்றன. உயரம் 7 செ.மீ. அளவுதான். காரின் உள்வெளி சிறியது என்பதால் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்கு அந்த அறையே ஓர் ஊக்கம் கொடுக்கிறது. வீட்டுக் கூடத்தில் சோப்ளாங்கியாகத் தெரியும் வூஃபர் காருக்குள் ஆளாகிவிடுவது இதனால்தான். தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது என்பதால், அது சீட்டுக்கு அடியில் இருப்பதும் உறுத்தாது.

இதில் கவனிக்க வேண்டியவை வேறு. பாட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுக்க வேண்டும். ஃபியூஸை வூஃபரின் பக்கம் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அது பாட்டரிக்கு அருகில் ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவழியில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால் காப்பாற்ற வேண்டியது அந்த ஒயரைத்தான். கதவு ஸ்பீக்கர்களை அடித்தொனிச் சுமையிலிருந்து விடுவித்தால் அவையும் நிம்மதியாகப் பாடும். ஸ்டீரியோவில் அந்த வசதி இல்லாவிட்டால், 4 ஓம் ஸ்பீக்கரின் ஒயரில் தொடராக 400 மைக்ரோஃபாரட் அளவுள்ள துருவமற்ற கப்பாசிட்டர் ஒன்று, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரித்துவிடும். கடையில் பாஸ் பிளாக்கர் என்று கேட்டால் கொடுப்பார்கள். சில கார்களில் முன் சீட்டுக்கு அடியில் ஜாக்கியோ வேறு மின்பெட்டியோ இருக்கும். அங்கேயும் அளவுகோல் வேலைக்கு வர வேண்டும்.

கடைசியில் நான் எடுத்தது, 62 மி.மீ. ஆழமுள்ள ட்வீட்டர் நடுவிலேயே அமைந்த ஆறரை அங்குலக் கோஆக்சியல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மல்டிவுட் ரிங், இரண்டு கதவுக்கும் டேம்பிங் ஷீட். ரிங்குக்கும் ஷீட்டுக்கும் நுரைக்கும் ஆன செலவு ஸ்பீக்கர் விலையில் பாதியை எட்டியது. அந்தப் பணத்துக்கு இன்னும் உயர்ந்த ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஷீட் ஒட்டாத இடப்பக்கக் கதவையும் ஒட்டிய வலப்பக்கக் கதவையும், பாலன்ஸைத் திருப்பித் திருப்பி, ஒரே தனி ஆவர்த்தனத்தில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டிலும் ஒரே ஸ்பீக்கர். வலப்பக்கம் தொப்பி தொப்பியாகக் கேட்டது, இடப்பக்கம் அதோடு கதவும் சேர்ந்து வாசித்தது. மறுநாளே இடப்பக்கத்துக்கும் ஒட்டினேன். சீட்டு வூஃபரை ஆறு மாதம் தள்ளிவைத்தேன்; இன்னும் வாங்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்து மார்கழியில் ஓட்டுநர் பக்கத்து டோர் பேடை மறுபடி கழற்றிப் பார்த்தேன். வடிகால் துளைகளில் ஒன்றை மண் அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். பாலித்தீன் தாளின் பின்புறம் நீர்த்தடம் இருந்தது, முன்புறம் காய்ந்திருந்தது. ரிங்கின் நான்கு திருகுகளில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏற்றுக்கொண்டது.